ஓட்டில்லாதவன் தலையில் விழுந்த சட்டம்

ஒரு நாடு புதிதாகப் பிறக்கிறது. முதல் தேர்தல் நடக்கிறது. அந்த நாட்டு உழைப்பாளிகள் தங்கள் கட்சியின் பெயரால் எட்டுப் பேரை மேல்சபைக்கு அனுப்பி வைக்கிறார்கள். சுரங்கத்தில் இறங்கியவர், உளி பிடித்தவர், கொத்தனாருக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர், அச்சுக் கோத்தவர் என்று கைகாய்த்த மனிதர்கள். பிரபுக்களும் மிராசுதாரர்களும் உட்காரும் இடம் என்று உலகம் நினைத்திருந்த மேல்சபையில் இவர்கள் போய் உட்கார்ந்தார்கள். கேட்கவே நெஞ்சு நிமிர்கிறது அல்லவா?

சரி, அந்தப் புதிய பார்லிமென்ட் முதலாண்டு முடிவதற்குள் நிறைவேற்றிய பெரிய சட்டங்கள் எவை? முதியோருக்குப் பென்ஷனா? வேலை நேரத்துக்கு வரம்பா? இரண்டும் இல்லை. வெள்ளைத் தோல் இல்லாதவனை உள்ளே விடாத சட்டம் ஒன்று. ஏற்கெனவே உள்ளே இருந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்த கூலிக்காரர்களைக் கப்பலேற்றி அனுப்பும் சட்டம் இன்னொன்று. உழைப்பாளியின் கட்சி இந்த இரண்டையும் தடுக்கவில்லை. முன்னின்று கேட்டு வாங்கியது.

இது நடந்தது ஆஸ்திரேலியாவில், 1901-ஆம் ஆண்டில். நூற்றிருபது வருஷங்களுக்கு மேலான கதையை இந்த மும்பையில் உட்கார்ந்து நாம் ஏன் படிக்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு பேச்சு எழுகிறது. "நம்மாள் ஒருத்தன் மேலே போய் உட்கார்ந்துவிட்டால் போதும், எல்லாம் நேராகிவிடும்" என்கிற பேச்சு. அந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி, எங்கே போய் முட்டுகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தச் சபை எப்படிப்பட்டது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா என்ற ஆறு பிரிட்டிஷ் காலனிகள் 1901 ஜனவரி 1 அன்று ஒரே கூட்டாட்சியாகச் சேர்ந்தன. மார்ச் 29, 30 ஆகிய இரண்டு நாள்களில் முதல் தேர்தல். கீழ்சபைக்கு 75 இடங்கள். செனட் என்னும் மேல்சபைக்கு 36 இடங்கள், மாநிலத்துக்கு ஆறு வீதம். பதிமூன்றரை லட்சம் ஜனங்கள் இருந்த நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆறு. ஒன்றே முக்கால் லட்சத்தைக்கூட எட்டாத டாஸ்மேனியாவுக்கும் ஆறு. பெரிய மாநிலம் சின்ன மாநிலத்தை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இதைவிடப் பெரிய சங்கதி, அந்த 36 பேரையும் ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தின் மேல்சபையில் பரம்பரைப் பிரபுக்கள் இருந்தார்கள். கனடாவின் செனட்டுக்கு நியமனம். அமெரிக்காவில் செனட்டர்களை மாநிலச் சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்தன. 1913-இல்தான் நேரடித் தேர்தல் அரசியல் சட்டத்தில் ஏறியது. நம் ராஜ்யசபையோ 1952-இல் பிறந்த நாளிலிருந்து எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் சபையாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியக் காலனிகளிலேயே அதுவரை இருந்த மேல்சபைகள் நியமனத்தால் நிரம்பின. இல்லாவிட்டால் சொத்துள்ளவன் ஓட்டால் நிரம்பின. புதிய செனட்டுக்குச் சொத்துத் தகுதி கிடையாது. பத்து இடத்தில் நிலம் வைத்திருப்பவனுக்குப் பத்து ஓட்டு என்ற அநியாயமும் கிடையாது. ஆளுக்கு ஒரு முறைதான் ஓட்டு. அதோடு, உறுப்பினருக்கு வருஷத்துக்கு 400 பவுன் சம்பளம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். சம்பளம் இல்லாத சபைக்குக் கூலிக்காரன் எப்படிப் போவான்? இதெல்லாம் உழைப்பாளிகள் பல வருஷம் போராடிப் பெற்ற வெற்றிகள். அதை நாம் குறைத்துப் பேச வேண்டாம்.

ஜெயித்தவர்கள் யார்?

இறக்குமதி வரி வேண்டாம் என்ற தடையில்லா வணிகக் கட்சிக்கு 17 இடம். உள்நாட்டுத் தொழிலைக் காக்க வரி வேண்டும் என்ற காப்புவரிக் கட்சிக்கு 11. தொழிற்கட்சிக்கு 8. யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. கீழ்சபையிலும் அதே நிலை. ஆகவே இரு சபைகளிலும் தராசு முள் தொழிற்கட்சியின் கையில் இருந்தது. தொகையில் சின்னது, பலத்தில் சின்னதல்ல.

அந்த எட்டுப் பேரில் சிலரைத் தெரிந்துகொள்வது நல்லது. குயின்ஸ்லாந்திலிருந்து வந்தவர் ஆண்டர்சன் டாசன். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். தங்கச் சுரங்கத் தொழிலாளியாக வளர்ந்தவர். 1899 டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் பிரதமராக ஒரே ஒரு வாரம் இருந்தார். உலகத்திலேயே தொழிற்கட்சி அமைத்த முதல் அரசாங்கம் அதுதான். அதே மாநிலத்திலிருந்து வில்லியம் ஹிக்ஸ். அச்சுத் தொழிலாளியாக இருந்து தொழிலாளர் பத்திரிகை நடத்தியவர். மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஹியூ டி லார்ஜி. ஸ்காட்லாந்தில் பிறந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவரோடு ஜார்ஜ் பியர்ஸ் என்ற தச்சர். இந்தத் தச்சர் 1901-இல் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து 1938-இல்தான் எழுந்தார். முப்பத்தேழு வருஷம் இடைவிடாமல் செனட்டர்!

தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கிரெகர் மக்ரெகர். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். மரம் வெட்டும்போது ஏற்பட்ட விபத்தில் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. கட்டட வேலைக் கூலிகளின் சங்கத்தை நடத்தினார். புள்ளிவிவரங்களையும் மசோதாக்களையும் பிறர் படிக்கக் கேட்டு மனப்பாடமாக வைத்துக்கொண்டு சபையில் பேசுவார். செனட்டில் தொழிற்கட்சியின் தலைவரே அவர்தான்.

படிக்கும்போது மரியாதை வருகிறது. எனக்கும் வருகிறது. நம் வரிசையில் நிற்க வேண்டிய மனிதர்கள் இவர்கள். அதனால்தான் அடுத்து வருவது மனசை அறுக்கிறது.

ஓட்டுப் பட்டியலில் இல்லாதவர்கள்

முதல் தேர்தலுக்கென்று தனியான ஓட்டுச் சட்டம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் பழைய சட்டப்படியே நடத்தியது. ஆகவே தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மட்டும் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். மற்ற நான்கு மாநிலங்களில் பெண்ணுக்கு ஓட்டில்லை. குயின்ஸ்லாந்தில் இன்னொரு விதியும் இருந்தது. அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கும், இந்தியா, சீனா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும் சொந்த நிலம் இருந்தாலொழிய ஓட்டில்லை. கரும்புக் கொல்லைக் கூலிக்கு ஏது சொந்த நிலம்?

அந்தக் கரும்புக் கொல்லைக் கூலிகள் யார்? 1863-இலிருந்து தென் பசிபிக் தீவுகளான வனுவாட்டு, சாலமன் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 62,000 பேரைக் குயின்ஸ்லாந்துக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சிலர் தாமாக வந்தார்கள். பலர் ஆசை காட்டி ஏமாற்றப்பட்டார்கள். சிலரைக் கடத்தியே வந்தார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். வருஷத்துக்கு ஆறு பவுன் கூலி. செனட்டருக்கு 400, கரும்பு வெட்டுகிறவனுக்கு 6, மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரலாறு நமக்கு அந்நியமா? கங்காணியின் பேச்சை நம்பி இலங்கைக்கும் மலேயாவுக்கும், ஏஜெண்டிடம் கைநாட்டு வைத்துவிட்டு நேட்டாலுக்கும் பிஜிக்கும் போன நம் பாட்டன் பூட்டன்மார் கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். 1862-இல் குயின்ஸ்லாந்து அரசாங்கம் இந்தியக் கூலிகளை இறக்குவதற்கே ஒரு சட்டம் செய்தது. அந்த ஏற்பாடு கைகூடவில்லை. தீவுக்காரர்களைத் தேடிப் போனார்கள். கைகூடியிருந்தால் அந்தக் கொல்லையில் நின்றிருக்கக் கூடியவன் தஞ்சாவூர்க்காரனோ சேலத்துக்காரனோதான்.

1901 டிசம்பரில் பசிபிக் தீவுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1904 மார்ச்சுக்குப் பிறகு புதிதாக ஒரு தீவுக்காரனும் வரக்கூடாது. 1906 முடிந்த பிறகு ஒப்பந்தம் இல்லாமல் இருப்பவனைப் பிடித்து நாடு கடத்தலாம். அப்போது அங்கே சுமார் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். இருபது, முப்பது வருஷமாக அங்கேயே வாழ்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றவர்களும் அதில் உண்டு. அவர்கள் சும்மா இருக்கவில்லை. மனுப் போட்டார்கள், மன்னருக்கே எழுதினார்கள், சங்கம் கூடினார்கள். அதன் பலனாகச் சிலருக்கு விலக்குக் கிடைத்தது. ஆனாலும் ஏறத்தாழ 7,500 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை செய்த இடத்திலேயே செத்துப்போன தீவுக்காரர்களுக்குப் பாக்கியிருந்த கூலி சர்க்கார் நிதியில் கிடந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை உயிரோடிருந்தவர்களை நாடு கடத்தும் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கணக்குப் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் நான். இப்படி ஒரு பற்றுவரவை எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

ஐம்பது சொல் பரீட்சை

அதே மாதம் குடியேற்றத் தடைச் சட்டம். இதில் நிறம் என்ற சொல்லே கிடையாது, தந்திரமான வேலை. வருகிறவனுக்கு ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை அதிகாரி வாசிப்பார். அவன் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவன் வந்தால் பிரெஞ்சு. பிரெஞ்சும் தெரிந்தால் ஜெர்மன். உள்ளே விட வேண்டிய வெள்ளைக்காரனுக்குப் பரீட்சையே வைப்பதில்லை. 1909-க்குப் பிறகு இந்தப் பரீட்சையில் ஒருவர்கூடத் தேறவில்லை. 1934-இல் எகன் கிஷ் என்ற எழுத்தாளரை அரசியல் காரணத்துக்காகத் தடுக்க நினைத்தார்கள். அவருக்கோ பல மொழிகள் தெரியும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! அது செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தத் தந்திரம் எங்கிருந்து வந்தது? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து. அங்கே 1897-இல் கொண்டுவந்த மொழித்தகுதிச் சட்டம் இந்தியர்களைத் தடுப்பதற்காகவே செய்யப்பட்டது. 1860-இல் சென்னையிலிருந்து போன முதல் கப்பலோடு தொடங்கி, கரும்புக்காகக் கூப்பிட்டு இறக்கிய தமிழர்களும் மற்ற இந்தியர்களும் கடை வைக்கவும் நிலம் வாங்கவும் ஆரம்பித்தவுடன் வந்த சட்டம் அது. ஆக, நம்மவர்களுக்கு எதிராக நேட்டாலில் வார்த்த பூட்டைத்தான் ஆஸ்திரேலியா வாங்கித் தன் வாசலில் மாட்டியது.

அடுத்த ஆண்டு, 1902-இல், ஓட்டுச் சட்டம். செனட்டில் அரசாங்கத் தரப்பில் ரிச்சர்ட் ஓகானர் கொண்டுவந்த மசோதா, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றுதான் ஆரம்பித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் செனட்டர் மதேசன் எழுந்து ஆதிக்குடிகளையும் ஆசியா, ஆப்பிரிக்காக்காரர்களையும் விலக்க வேண்டும் என்றார். இரண்டு சபைகளிலும் அடிபட்டு அது சட்டமாக வெளியே வந்தபோது பெண்களுக்கு ஓட்டு வந்திருந்தது. தேர்தலில் நிற்கும் உரிமையும் வந்திருந்தது. உலகமே பாராட்ட வேண்டிய காரியம். அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வகுடிகளுக்கு ஓட்டில்லை என்று எழுதியிருந்தது. ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் சாத்தினார்கள்.

உழைப்பாளிக் கட்சியின் வாதம்

அவர்கள் தரப்பையும் கேட்போம். "தோட்ட முதலாளி குறைந்த கூலிக்கு ஆள் இறக்குகிறான்; அதனால் எங்கள் கூலி விழுகிறது. ஆகவே அந்த ஆளை அனுப்பிவிடு" என்றார்கள். முதல் பாதி உண்மை. ஆறு பவுனுக்கு ஆள் கிடைக்கும்போது முதலாளி ஏன் அதிகம் கொடுப்பான்?

ஆனால் மருந்து என்ன? ஆறு பவுனுக்கு ஆள் வைப்பதைக் குற்றமாக்கியிருக்கலாம். அந்தத் தீவுக்காரனுக்கும் அதே கூலி, அதே வேலை நேரம், சங்கத்தில் ஒரு அட்டை, பெட்டியில் ஒரு ஓட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவனைக் குறைந்த கூலிக்காரன் என்று சொல்ல எவனாலும் முடியாது. கூலியைக் குறைத்தவன் முதலாளி, கப்பலேறியவன் கூலிக்காரன். வெள்ளைக்காரக் கூலியை வைத்துக் கரும்பு விளைவித்த முதலாளிக்கோ சர்க்கார் மானியம் கொடுத்தது! இறக்கியபோதும் முதலாளிக்கு லாபம், ஏற்றியபோதும் முதலாளிக்கு லாபம்.

அந்தச் சட்டத்துக்குத் தொழிற்கட்சி மட்டும் பொறுப்பில்லை என்பதும் உண்மை. பிரதமர் பார்ட்டனின் காப்புவரிக் கட்சியும், எதிர்த்தரப்பில் மிகப் பெரும்பாலோரும் அதே கொள்கைதான். ஆனால் பணக்காரன் கட்சி ஏழையை விரட்டுவதில் ஆச்சரியம் என்ன? ஏழைக் கட்சி தன்னைவிட ஏழையை விரட்டியதுதான் நாம் யோசிக்க வேண்டியது. சட்டத்தில் இருந்த மொழிப் பரீட்சை போதாது, நிறத்தைச் சொல்லியே நேராகத் தடை செய் என்று அழுத்தியவர்களும் தொழிற்கட்சிக்காரர்களே.

இன்னொன்றும் பாருங்கள். டி லார்ஜி ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். மக்ரெகரும் அப்படியே. அவர்களும் பிழைப்பைத் தேடிக் கப்பலேறியவர்கள். பொதுப் பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு இது புரியும். அரக்கோணத்தில் "அண்ணே, ஒரு கால் வைக்க இடம் கொடுங்கண்ணே" என்று கெஞ்சி ஏறியவன், குண்டக்கல் வந்ததும் கதவுக்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போ" என்கிறான். அந்தப் பெட்டி எவன் அப்பன் வீட்டுச் சொத்து?

இங்கே நாம் எங்கே நிற்கிறோம்?

1960-களின் பிற்பகுதியில் இதே நகரத்தில் மண்ணின் மைந்தர் என்ற முழக்கத்தோடு தென்னாட்டவர் மேல் பாய்ந்தார்கள். ஆபீசில் வேலை பார்த்தவனும் ஓட்டல் வைத்திருந்தவனும் தாராவியில் தோல் பதனிட்டவனும் ஒரே பெயரால் திட்டப்பட்டார்கள். நம் வேட்டியும் லுங்கியும் கேலிக்குரிய பொருளாயின. அன்று சொன்ன காரணமும் அதே காரணம்தான்: எங்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள். 2008-இல் அதே கோபம் உத்தரப் பிரதேசத்துக்காரன், பீகார்க்காரன் மேல் திரும்பியது. டாக்சி ஓட்டுகிறவனும் பரீட்சை எழுத வந்த ரயில்வே வேலை தேடும் பையனும் அடிபட்டார்கள். அப்போது நம் தெருக்களில் என்ன பேச்சு நடந்தது? "நல்ல வேளை, இந்தத் தடவை நாம் இல்லை" என்ற பெருமூச்சு ஒரு பக்கம். "அவனுங்களும் அதிகமாத்தான் வர்றானுங்க" என்ற முணுமுணுப்பு இன்னொரு பக்கம்.

அந்த முணுமுணுப்பு இன்றைக்கும் இருக்கிறது. சொந்த ஊரான தமிழ்நாட்டிலும் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்த வடக்கத்திப் பையனைப் பார்த்து அதே பேச்சு எழுகிறது. ஊருக்குப் போய் வருகிற நம் தோழர்களே அதைச் சுமந்துகொண்டு இங்கே வந்து கொட்டுகிறார்கள். இங்கே பிழைக்க வந்த நாம் அங்கே பிழைக்க வந்தவனை ஏசலாமா? அவன் குறைந்த கூலிக்கு வருகிறான் என்றால் அவனுக்குச் சங்க அட்டை கொடுங்கள், கூலி ஏறும். விரட்டினால் மேஸ்திரி இன்னும் மலிவான ஆளைத் தேடிப் போவான்.

ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மரியாதை

இனி, ஆஸ்திரேலியக் கதையின் மிச்சம். அங்கே குடியிருந்த கொஞ்சம் இந்தியர்கள் விடவில்லை. நம்மூர் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1922-இல் ஆஸ்திரேலியா போனார். அன்று இந்தியாவின் மேல்சபையாக இருந்த கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டில் உறுப்பினராக இருந்தவர் அவர். அங்கே குடியிருக்கும் இந்தியனுக்கு ஓட்டு வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினார். அவருடைய மிதவாத அரசியல் நமக்கு ஒவ்வாது. ஆனாலும் அந்தப் பேச்சு அவசியமான பேச்சு. பேச்சோடு நிற்காமல் 1924-இல் மெல்போர்னில் வாழ்ந்த மிட்டா புல்லோஷ் என்ற இந்தியர் கோர்ட்டுக்கே போனார். மாநில ஓட்டுப் பட்டியலில் பேர் இருக்கிறது, கூட்டாட்சிப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்டார். நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1925-இல் பார்லிமென்ட் சட்டத்தைத் திருத்திப் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. சாஸ்திரியின் நாவும் வேண்டியிருந்தது; பட்டியலில் ஒரு சாதாரண மனிதனின் பேரும் வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு நாளாயிற்று. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் எல்லோருக்கும் கூட்டாட்சி ஓட்டு 1962-இல்தான். ஐம்பது சொல் பரீட்சை 1958-இல் ஒழிந்தது. நிறக்கொள்கைக்கு 1973-இல் முற்றுப்புள்ளி. ஆதிக்குடியில் பிறந்த நெவில் பானர் 1971-இல் குயின்ஸ்லாந்தின் செனட்டரானார். ஆதிக்குடிகளிலிருந்து அந்தச் சபைக்குள் போன முதல் ஆள் அவர்தான். இந்திய வம்சாவளியினரான வருண் கோஷ் 2024-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் செனட்டராக உறுதிமொழி எடுத்தார். மதேசன் உட்கார்ந்த அதே மாநிலத்தின் பெயரால்! நாடு கடத்தப்படாமல் தப்பிய தீவுக்காரர்களின் வாரிசுகளைத் தனி இனமாகக் கூட்டாட்சி அரசு அங்கீகரித்தது 1994-இல். சட்டம் போட ஒரு வருஷம் ஆகவில்லை. அதன் காயம் ஆறத் தொண்ணூறு வருஷம்.

நம் நாட்டுக்கு வருவோம். நம் ராஜ்யசபைக்கு ஒரு மாநிலத்திலிருந்து நிற்க வேண்டுமானால் அந்த மாநிலத்தின் ஓட்டுப் பட்டியலில் பேர் இருக்க வேண்டும் என்ற விதி 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2003-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. இன்று தலைவர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் எந்த மாநிலத்தின் பேராலும் மேல்சபைக்குப் போகலாம். அவர் போடும் ஓட்டுக்கு ஊர் வேண்டும்; அவர் உட்காரும் நாற்காலிக்கு ஊர் வேண்டாம். தொழிலாளிக்கு அந்தச் சலுகை உண்டா? சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு என்கிறது சட்டம். வருஷத்துக்கு ஒரு முறை வாடகை வீடு மாறுகிற நமக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். பலருக்குப் பேர் ஊரில் இருக்கிறது, உடம்பு இங்கே இருக்கிறது. தேர்தலன்று இரண்டு இடத்திலும் ஓட்டில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். மேலே யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியம். ஆனால் கீழே பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். கையில் காய்ப்பு உள்ளவன் சபைக்குப் போனால் மட்டும் கூலிக்காரன் பிழைத்துவிட மாட்டான். எவனுக்கு ஓட்டில்லையோ அவன் தலையில்தான் முதல் சட்டம் விழும். அதைத் தள்ளிவிடுகிற கை பல சமயம் அவனுக்கு ஒரு படி மேலே நிற்கிற கூலிக்காரன் கையாகவே இருக்கும்.

செய்ய வேண்டிய காரியம் இரண்டு. ஒன்று, இந்த நகரத்தில் நிலையாக இருப்பவர்கள் தங்கள் பேரை இங்கே பதியுங்கள். முதல் முறை பதிய ஆறாம் எண் படிவம். ஊரிலிருந்தோ பழைய வீட்டிலிருந்தோ மாற்றிக்கொள்ள எட்டாம் எண் படிவம். ஆண்கள் மட்டும் பதிந்துவிட்டு வீட்டுப் பெண்களை விட்டுவிடாதீர்கள். வீட்டு வேலைக்கும் பூ கட்டவும் போகிற நம் சகோதரிகளின் பேர்தான் பட்டியலில் அதிகம் விட்டுப்போகிறது. படிவம் எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதிக் கொடுக்கப்படும். அதற்கு ஒரு பைசா வேண்டாம்.

இரண்டு, வேலைத்தலத்தில் நமக்குப் பிறகு வந்து நிற்கிறவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அவன் பேசுவது போஜ்புரியாக இருக்கலாம், ஒடியாவாக இருக்கலாம். நம் தமிழைக் கேட்டும் இந்த ஊர் ஒரு நாள் முகம் சுளித்ததை மறந்துவிட வேண்டாம். அவனுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். அவன் பேரையும் பட்டியலில் ஏற்றுங்கள். அப்போதுதான் நாளை நம்மாள் ஒருவன் மேலே போனாலும், அவன் போடும் சட்டம் யார் தலையிலும் விழாமல் இருக்கும்.